நடுநிலையோடு நம்ம கட்சிக்கு எழுதுவது எப்படி?

உங்கள் தலைவரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை நேற்று ராத்திரிதான் முழுசாகப் படித்தீர்கள். அவர் கொண்டுவந்த திட்டங்களுக்கு இரண்டு பத்தி. அவர் மேல் போட்ட வழக்குகளுக்கு ஐந்து பத்தி, அதுவும் அடிக்குறிப்போடு. எதிர்க்கட்சித் தலைவரின் பக்கத்திலோ வழக்கு ஒரே வரியில் முடிந்து, அடுத்த வரியிலேயே ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துவிடுகிறது. வயிறு எரிகிறது. பக்கத்தின் மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான். யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம்.

கையை எடுங்கள். இந்தக் கொதிப்போடு உள்ளே போன யாரும் உருப்பட்டதில்லை. நீங்கள் அந்த ஐந்து பத்தியை அழிப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஐந்தே நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவருவார். மறுபடி அழிப்பீர்கள், மறுபடி வரும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் வேலையை மீளமைத்தால் தடை விழும். நாலாவது தடவை அழித்துவிட்டு நீங்கள் வெளியே நிற்பீர்கள். மூன்றோடு நிறுத்திக்கொண்ட அந்த மனிதர் உள்ளே இருப்பார். அவர் எழுதியதுதான் நிற்கும்.

ஆகவே முதல் தேவை பொறுமை. கணக்கு தொடங்கியதும் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பாதி பூட்டிய பக்கங்களைத் தொடவே நாலு நாள் வயசான கணக்கும் 10 திருத்தமும் வேண்டும். இஸ்ரேல், பாலஸ்தீனம் மாதிரி சூடு அடங்காத தலைப்பென்றால் 30 நாளும் 500 திருத்தமும். அந்த 500ஐ எங்கே தேற்றுவது? தவளை இனங்கள், ரயில் நிலையங்கள், பழைய கிரிக்கெட் தொடர்கள். அங்கெல்லாம் அவ்வளவாக அடிதடி கிடையாது. எழுத்துப்பிழை திருத்துங்கள், காற்புள்ளி போடுங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு: கட்சிப் பணிக்காகப் போனவர் தவளையிலேயே தங்கிவிடக்கூடும். அப்படிப்பட்டவரால் கட்சிக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை.

500 சேர்ந்துவிட்டதா? இனி காரியத்துக்கு வருவோம்.

பொய் எழுதாதீர்கள். ஒழுக்கம் கருதிச் சொல்லவில்லை, பொய் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் என்பதால் சொல்கிறேன். மறைப்பதும் அப்படித்தான். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மார்ட்டி மீஹன் 1992 தேர்தலில் நின்றபோது, நாலு தவணைக்கு மேல் பதவியில் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நாலு முடிந்தும் நாற்காலியை விடவில்லை. விக்கிப்பீடியாவில் அது இருந்தது. 2005இல் அவருடைய அலுவலகத்திலிருந்தே ஒருவர் பக்கத்தை மொத்தமாக வழித்தெடுத்துவிட்டு, அலுவலகமே தயாரித்த வாழ்க்கைக் குறிப்பை ஒட்டிவிட்டார். 2006 ஜனவரியில் உள்ளூர்ப் பத்திரிகை பிடித்துவிட்டது. அதுவரை வாக்கு மீறிய சேதி ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு அதை அழிக்கப் பார்த்த சேதியும் சேர்ந்துகொண்டது.

எப்படி மாட்டினார்கள் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் 'வரலாறு' என்று ஒன்று இருக்கிறது. யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட்டார் என்பதெல்லாம் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி வரிசையாக அதில் கிடக்கும். கணக்கு இல்லாமல் எழுதியவர்களுக்கு அந்நாளில் பெயருக்குப் பதில் ஐபி முகவரியே பதிவானது. 2007இல் வர்ஜில் கிரிஃபித் என்ற ஆய்வு மாணவர், அந்த முகவரிகள் எந்தெந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பொருத்திக் காட்டும் விக்கிஸ்கேனர் என்ற கருவியைச் செய்துவிட்டார். சிஐஏ, வாட்டிகன், அமெரிக்கக் கட்சி அலுவலகம், பெரிய கம்பெனிகள் என்று பலருடைய கணினியும் வரிசையில் வந்து நின்றன. 2009 மே மாதம் சயன்டாலஜி திருச்சபையின் ஐபி முகவரிகளையெல்லாம் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு ஒட்டுமொத்தமாகத் தடைசெய்தது. 2014இல், அமெரிக்க நாடாளுமன்றக் கணினிகளிலிருந்து போகும் பெயரில்லாத் திருத்தங்களை உடனுக்குடன் ட்விட்டரில் தண்டோரா போட ஒரு தானியங்கியே வந்தது. இவற்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நீதி, ஆபீஸ் கணினியில் உட்கார்ந்து எழுதக்கூடாது என்பது.

பொய்யும் கூடாது, மறைக்கவும் கூடாது என்றால் பிறகு என்னதான் செய்வது? பதறாதீர்கள். தகவல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வழக்கு இருந்தது, ஆனால் விடுதலையானார். விடுதலையானார், ஆனால் வழக்கு இருந்தது. இரண்டு வாக்கியத்திலும் தகவல் ஒன்றுதான், அடிக்குறிப்பும் ஒன்றுதான். 'ஆனால்' யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் பக்கம் இருக்கிறது. உங்கள் ஆள் பேசினால் 'விளக்கமளித்தார்', எதிராளி பேசினால் 'என்று கூறிக்கொண்டார்'. உங்களுக்கு வந்தது மக்கள் திரள், அவர்களுக்கு வந்தது லாரியில் கூட்டிவந்த ஆட்கள். உங்கள் தலைவர் கட்சி மாறியது கொள்கை வேறுபாட்டால், அவர் மாறியது பதவிக்காக. விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு இந்த வினைச்சொற்களைப் பற்றித் தனியாகவே எச்சரித்து வைத்திருக்கிறது. எந்தெந்தச் சொல்லுக்கு வலு அதிகம் என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியலை அவசியம் படியுங்கள்.

பெயர்ச்சொல் இன்னும் மேல். போலந்துக்காரர்களின் கதான்ஸ்க் நகரம் ஜெர்மானியர்களுக்கு டான்சிக். இரண்டு தரப்பும் மாறி மாறித் திருத்திச் சலித்து, 2005இல் வாக்கெடுப்பு நடத்தி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: 1308 முதல் 1945 வரையிலான சங்கதிகளுக்கு டான்சிக், மற்ற காலத்துக்கெல்லாம் கதான்ஸ்க். அதன்படி 1307 டிசம்பர் 31 இரவு கதான்ஸ்கில் படுத்தவர் காலையில் டான்சிக்கில் கண்விழிப்பார். தயிரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பை அமெரிக்க எழுத்துக்கூட்டலில் வைப்பதா, ஒரு 'எச்' கூடுதலாகப் போட்ட பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் வைப்பதா என்று சுமார் எட்டு வருஷம் அடித்துக்கொண்டு, 2011 டிசம்பரில் அமெரிக்கர்கள் ஜெயித்தார்கள். தயிருக்கே எட்டு வருஷம் என்றால் தலைவருக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருக்கமான இடத்தில் இந்தச் சண்டை சிரிப்பாக இருக்கவில்லை. 'பயங்கரவாதி', 'விடுதலைப் போராளி' போன்ற சொற்களைக் கலைக்களஞ்சியம் தன் சொந்த வாயால் சொல்லக்கூடாது, யார் அப்படிச் சொன்னார்கள் என்று சேர்த்தே எழுத வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழக்கம். ஈழப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அதைப் பற்றிய பக்கங்களில் தமிழரும் சிங்களரும் மல்லுக்கட்டினார்கள். அதைத் தணிக்க இலங்கை நல்லிணக்கம் என்ற பெயரில் தனியாக ஒரு விக்கித்திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஆதாரம் செல்லும், எது செல்லாது என்று பேசின. வெளியே அதற்கு இடமிருந்ததா என்று யோசித்துப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. கையேட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, மேலே போவோம்.

ஆதாரம். உங்களுக்குத் தெரியும் என்பது ஆதாரம் ஆகாது. சம்பந்தப்பட்டவருக்கே தெரியும் என்றாலும் ஆகாது. அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ரோத், 'தி ஹியூமன் ஸ்டெயின்' நாவலின் நாயகன் யாரைப் பார்த்து உருவானவன் என்று விக்கிப்பீடியா எழுதியிருந்தது தப்பு என்றார். எழுதியவரே சொல்கிறார். இரண்டாம் நிலை ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. அவர் 2012 செப்டம்பரில் நியூயார்க்கர் இதழின் இணையப் பக்கத்தில் ஒரு திறந்த மடல் எழுதி, நடந்ததையெல்லாம் கொட்டினார். மடல் வெளியானதும் அதுவே ஆதாரமாகி, கட்டுரையில் ஏறியது. உங்களுக்கு நியூயார்க்கர் கிடைக்காது. ஆனால் வழி தெரிந்துவிட்டதல்லவா? எங்காவது அச்சாக வேண்டும்.

ஜெர்மனியில் இதை இன்னும் சிக்கனமாகச் செய்தார்கள். 2009 பிப்ரவரியில் பொருளாதார அமைச்சராக வந்தவர் கார்ல்-தியோடோர் ட்சு குட்டன்பெர்க். பிரபுக் குடும்பம், ஆளுக்கு முதல் பெயரே பத்து. யாரோ ஒரு குறும்பர் அந்தப் பத்தோடு 'வில்ஹெல்ம்' என்று பதினொன்றாவதை ஜெர்மன் விக்கிப்பீடியாவில் செருகிவிட்டார். பில்ட் நாளிதழ் அதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. மற்ற ஊடகங்களும் போட்டன. விக்கிப்பீடியாவில் யாரோ சந்தேகப்பட்டு ஆதாரம் கேட்டபோது, அங்கிருந்து நகலெடுத்த செய்திகளே ஆதாரமாக வந்து நின்றன. நெருப்பில்லாமல் புகையாது என்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எந்த ஆதாரம் எடுபடும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. நம்பலாம் என்றால் பச்சை, யோசிக்க வேண்டும் என்றால் மஞ்சள், கூடாது என்றால் சிவப்பு. பிரிட்டனின் டெய்லி மெயிலை 2017 பிப்ரவரியில் ஒதுக்கினார்கள். 2018இல் பிரைட்பார்ட். அரசியல் சேதிக்கு ஃபாக்ஸ் நியூஸை நம்பலாமா என்று பல சுற்று நடந்தது. இடது பக்கத்தில் கிரேசோன் 2020இல் சிவப்பில் விழுந்தது. எங்கள் பத்திரிகைகளை எல்லாம் சிவப்பில் தள்ளிவிட்டு எங்களிடமே ஆதாரம் கேட்டால் எப்படி என்பது அமெரிக்க வலதுசாரிகளின் புகார். விக்கிப்பீடியாவின் இணை நிறுவனர்களில் ஒருவரான லாரி சாங்கரும் பல வருஷமாக இதைச் சொல்கிறார். புகாரில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது: பட்டியல் கையில் வந்துவிட்டால் கட்டுரை கட்டுரையாகப் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பச்சையில்தான் இருக்கிறது. டெய்லி மெயில் சிவப்பானதற்குக் கட்சி காரணமில்லை என்பது அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் இந்த வித்தியாசத்தை எல்லாம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் கட்சிப் பத்திரிகை சிவப்பில் இருந்தால் பட்டியலே சதி, பச்சையில் இருந்தால் பட்டியல் மெத்தச் சரி.

இனி உரையாடல் பக்கம். நிஜ யுத்தம் அங்கேதான். கெட்ட வார்த்தை கூடவே கூடாது. 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று தொடங்கி, 'மிக்க அன்புடன்' என்று முடியுங்கள். அடுத்தவரின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டும் என்று அங்கே ஒரு விதி. எதிராளியை அடிக்க அதைவிட நல்ல தடி கிடைக்காது, ஏனென்றால் அவர் உங்களைக் கட்சிக்காரர் என்று சந்தேகப்பட்ட மறுகணமே விதியை மீறியவராகிவிடுகிறார். விதிகளை முழுப்பெயரில் சொல்லாதீர்கள். 'இது என்பிஓவி இல்லை', 'பிஎல்பி பார்க்கவும்', 'அன்டியூ' என்று சுருக்கெழுத்தாக வீசினால் புதிதாக வந்தவர் பாதி பயந்துவிடுவார். மீதி பாதிக்குப் பத்தாயிரம் எழுத்தில் ஒரு பதில் போடுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கும் பதில் எழுத ஆள் இருக்கிற தரப்புதான் கடைசியில் நிற்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சுக்கான இடத்துக்குப் பெயரே ஆலமரத்தடி. சொம்பு மட்டும்தான் இல்லை.

பொறுமை இழந்து கடுமையாகப் போனால் வழக்கு நடுவர் குழுவுக்குப் போகும். அவர்கள் எந்தத் தரப்பு சொன்னது உண்மை என்று தீர்ப்பளிப்பதில்லை, யார் ஒழுங்காக நடந்துகொண்டார் என்று மட்டும் பார்ப்பார்கள். 2025 ஜனவரியில் பாலஸ்தீன-இஸ்ரேல் விவகாரத்தில் இரண்டு தரப்பிலும் சிலரை அந்தத் தலைப்பைத் தொடவே கூடாது என்று விலக்கிவைத்தார்கள். நியாயம் தன் பக்கம் என்ற தைரியத்தில் போனவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

ஆள் போதவில்லை என்று நீங்களே ஐந்து பெயரில் வந்து உங்களுக்கே ஆமாம் போடலாமா? அதற்குக் கைப்பாவை என்று பெயர். ஐந்து பேரும் 'முயற்ச்சி' என்று ஒரே பிழையோடு எழுதுவீர்கள், அதிலேயே வெளுத்துவிடும். 2015இல் ஒரே கும்பலின் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். அவர்கள் காசுக்கு எழுதியவர்கள். கட்சிக்கு ஓசியில் எழுதுகிறவர் அந்தளவுக்குக்கூடக் கவனமாக இருக்கமாட்டார்.

கோர்ட்டுக்குப் போகலாம், வசதி இருந்தால். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் போயிற்று. ஆளும் அரசுக்குப் பிரசாரக் கருவியாக இருப்பதாகத் தன்மேல் குற்றச்சாட்டு உண்டு என்று தன்னைப் பற்றிய பக்கத்தில் எழுதியிருப்பது அவதூறு என்று, 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்துவிட்டது. அதை நீக்கச் சொல்லி நீதிமன்றம் அக்டோபரில் உத்தரவிட, பக்கம் இறங்கியது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏஎன்ஐ பக்கத்தை அதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்கும் இப்போது அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியும். துருக்கி அரசு இன்னும் பெரிசாக யோசித்து, 2017 ஏப்ரல் 29 அன்று விக்கிப்பீடியாவையே மொத்தமாக மூடியது. அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டு, 2020 ஜனவரி 15 அன்று திறந்தபோது பக்கங்கள் அங்கேயேதான் இருந்தன.

ஆக, எந்த வழியாகப் போனாலும் குறுக்கே ஒரே ஒரு தடைதான்: கட்சி மாறுபட்ட ஓர் ஆள் அந்தப் பக்கத்தில் விழித்துக்கொண்டிருக்கிறார். அவரோடு சண்டை போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான உத்தி. ஷேன் கிரீன்ஸ்டீன், ஃபெங் ஜூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க அரசியல் பற்றிய சுமார் 28,000 கட்டுரைகளை அலசி 2012இல் எழுதினார்கள்: ஆரம்ப காலத்துக் கட்டுரைகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவைதான். பிற்பாடு பிரிட்டானிக்காவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் விக்கிப்பீடியாவுக்குத்தான் சாய்வு அதிகம். ஆனால் நிறையத் திருத்தம் கண்ட கட்டுரைகளில் அந்த வித்தியாசம் சுருங்கிப்போயிருந்தது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, இரண்டு துருவத்து ஆட்களும் கலந்து எழுதிய பக்கங்கள் ஒரே கருத்துக்காரர்கள் எழுதியவற்றைவிடத் தரமானவை என்றது. நீங்கள் ஆறு மாசம் கண்விழித்து, ஆத்திரத்தோடு வரி வரியாகச் சண்டை போட்டால், பக்கம் நல்லதாகிவிடும். கட்சிக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா?

எதிராளியைத் தோற்கடிக்காதீர்கள், கிளப்பிவிடுங்கள். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர்கள் குரோவாசியாவில் இருந்தார்கள். யூகோஸ்லாவியா உடைந்த பின், பேசினால் ஒருவருக்கொருவர் புரிந்துவிடும் மொழிக்கு செர்போ-குரோவாசியம், குரோவாசியம், செர்பியம், போஸ்னியம் என்று நாலு விக்கிப்பீடியாக்கள். பிடிக்காதவர் அடுத்ததற்குப் போய்விடலாம், ஆங்கிலத்துக்கும் போகலாம். போனார்கள். மிஞ்சியவர்களில் தீவிர தேசியவாதக் கூட்டம் ஒன்று, ஏறக்குறைய 2011 முதல் 2020 வரை குரோவாசிய விக்கிப்பீடியாவின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தது. எதிர்த்துக் கேட்டவருக்குத் தடை. அந்தத் தடை ஏன் என்று கேட்டவருக்கும் தடை. வாக்கெடுப்பு வந்தால் கைப்பாவைகள். விதிகள் எல்லாம் ஏட்டில் அப்படியே இருந்தன, நடுநிலை நோக்கு உட்பட.

பெரிய பொய்கள் தேவைப்படவில்லை, சொல் மாறினால் போதுமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் கூட்டாளிகளான உஸ்தாஷாக்கள் யாசெனோவாட்ஸ் என்ற இடத்தில் கொலைமுகாம் நடத்தினார்கள். செர்பியர், யூதர், ரோமா மக்கள், அவர்களை எதிர்த்த குரோவாசியர் என்று அங்கே மாண்டவர்களைப் பெயர் பெயராகத் திரட்டிய நினைவிடப் பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள். குரோவாசிய விக்கிப்பீடியாவில் அது 'சேகரிப்பு முகாம்' ஆகிவிட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் வீட்டுப்பாடத்துக்குத் திறப்பார்கள் என்பதை நினைத்தால், இந்த இடத்தில் மட்டும் கையேட்டின் குரல் எனக்குக் கைகூட மாட்டேன் என்கிறது. 2013இல் பத்திரிகைகள் எழுதின. கல்வி அமைச்சராக இருந்த ஜெல்கோ யோவனோவிச், மாணவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்றே சொன்னார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஓடியது. உள்ளூர்ச் சமூகம் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தள்ளி நின்றது, சமூகத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருந்தார்கள் என்பது அதற்கு உறைக்க அவ்வளவு காலம் ஆயிற்று. 2020இல்தான் கூட்டத்தின் முக்கிய நிர்வாகியை வெளியேற்றினார்கள். 2021இல் அறக்கட்டளை ஆய்வறிக்கை வெளியிட்டது. அழிக்க முடியாத வரலாற்றுப் பக்கத்தில் கைப்பாவைகள் போட்ட ஓட்டுகள் வரைக்கும் பத்திரமாக இருந்தன.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவர் சொந்தமாக ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கிக்கொள்ளலாம். ஆண்ட்ரூ ஷ்லாஃப்லி 2006இல் பழமைவாதிகளுக்காக கன்சர்வபீடியா தொடங்கினார். சாங்கர் நிபுணர் மேற்பார்வையும் நிஜப்பெயரும் வேண்டும் என்று சிட்டிசென்டியம் தொடங்கினார். அண்மையில் எலான் மஸ்க், 2025 அக்டோபர் 27 அன்று, செயற்கை நுண்ணறிவு எழுதும் குரோக்கிபீடியாவைத் திறந்தார். முதல் நாளே சுமார் 8,85,000 கட்டுரைகள். வாசகர் நேரே கைவைத்துத் திருத்த அதில் வழி வைக்கவில்லை, ஆகவே ராத்திரி யாரும் விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் தலைவருக்கும் இப்படி ஒன்று செய்துவிடலாம். கட்டுரைகளுக்கு எங்கே போவது என்று தயங்காதீர்கள். குரோக்கிபீடியாவிலேயே பல கட்டுரைகளின் அடியில், இது விக்கிப்பீடியாவிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப்படி எடுத்தாண்டது என்று ஒரு வரி இருந்தது. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால்தான் உரிம மீறல்.